வலி தணிந்த வேளையில் முட்டியை மடக்குங்கள்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரைப் பிடித்தபடி என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் பலரும் கேட்பது: "லேசர் வைத்துக்கொண்டால் வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா?" மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம். இனிப்புநீரும் ரத்தக்கொதிப்பும் மலிந்த நம் குடும்பங்களில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அறுவை செய்த டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்.

ஊசிக்குப் பதில் குறைந்த ஆற்றல் கொண்ட லேசர் ஒளியை அக்குபங்சர் புள்ளிகளில் படவைப்பதே லேசர் அக்குபங்சர். முட்டிச் சில்லுக்கு நான்கு விரல் கீழே, கால் எலும்பின் வெளிப்புறம் உள்ள 'சூ சான் லி' அவற்றில் ஒன்று. தோல் துளைக்கப்படுவதில்லை. அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இது பெரிய வசதி. தையல் மேல் நான் லேசர் வைப்பதில்லை. உள்ளே இருக்கும் உலோகம் சூடாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். அந்த எச்சரிக்கை, மின்காந்த அலையால் உடலின் உட்பகுதியைச் சூடாக்கும் ஷார்ட்வேவ் டயத்தெர்மி சிகிச்சைக்கு உரியது. கண்ணுக்குத்தான் ஆபத்து. சில லேசர் கதிர்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடங்க விடாதீர்கள்.

பலன்? இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் துணை என்பதற்கு மேல் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. சிலருக்கு வலி நன்றாகத் தணிகிறது, சிலருக்கு மாற்றமே தெரிவதில்லை.

தணிந்தால், அந்த நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருந்தால் உள்ளே தழும்புத் திசு இறுகி முட்டி விறைத்துவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிய நிலைகூட வரலாம். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழவே 90 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கோ 500-க்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசத்துக்கு ஏறிவிட வேண்டும் என்று ஆசையோடு சொல்லும் அம்மாக்களை லேசர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல், அங்கேயே கட்டிலோரம் உட்காரவைத்து மடக்கி நீட்டச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், கால் நேராக நீளாமல் போய்விடும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

மலேசியாவில் இத்துறைக்கென 2016-ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்; முறையாகத் தொழில் செய்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பினாங்கு மாநிலத்திலேயே, கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு உண்டு.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், காய்ச்சலோடு காயம் சிவந்து நீர் கசிந்தால் என்னிடம் வராதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999-ஐ அழையுங்கள்.