குரோமா கீ: இந்தக் 'கீ' சாவி அல்ல

பச்சைத் துணிக்கு முன்னால் ஒருவரை நிறுத்திப் படம் எடுக்கிறோம். அப்புறம் கணினியில் அந்தப் பச்சையை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கடலையோ கோபுரத்தையோ வைக்கிறோம். இந்த வேலைக்குப் பெயர் குரோமா கீ. அகராதியைப் பார்த்து சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நிறச் சாவி' என்று வரும். அது பொருந்தாது.

'குரோமா' கிரேக்கச் சொல். நிறம் என்பது பொருள். தோலின் மேற்பரப்பு, மேனி நிறம் என்ற பொருளும் அதற்கு உண்டு. நம் 'நிறம்' என்ற சொல்லும் உடம்போடு ஒட்டியதுதான். சங்கப் பாடல்களில் அது மார்பையும் குறிக்கும். இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும். குரோமியம், குரோமோசோம் எல்லாம் இதே வேரில் வந்தவை. குரோமோசோமை இலங்கைப் பாடநூல்கள் 'நிறமூர்த்தம்' என்கின்றன.

சிக்கல் 'கீ'யில்தான் இருக்கிறது. தந்தி அலுவலகத்தில் தட்டிய கட்டைக்கும் ஆங்கிலத்தில் கீ என்றுதான் பெயர். அழுத்தினால் மின்சாரம் ஓடும், விட்டால் நிற்கும். தொலைக்காட்சியிலும் வேலை அப்படியே: ஒரு புள்ளி பச்சையாக இருந்தால் இரண்டாவது படத்தைக் காட்டு, இல்லையென்றால் முதல் படத்தையே காட்டு. ஆக, இங்கே கீ என்பது மாற்றிவிடும் விசை. பூட்டைத் திறக்கும் சாவி அல்ல. பிபிசி இதே உத்திக்கு வைத்திருந்த பெயரைத் தமிழில் சொன்னால் 'நிறம் பிரித்து மேற்பதித்தல்'. செய்யும் வேலை அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

நம் சினிமாக்காரர்கள் சொல்வது 'கிரீன் மேட்'. கேட்பவருக்குத் தரையில் விரிக்கும் பாய் நினைவுக்கு வரும். ஆனால் இந்த 'மேட்' படத்தின் ஒரு பகுதியை மறைத்து வைக்கும் மறைப்பு.

பச்சை ஏன்? மனிதத் தோலில் பச்சையும் நீலமும் மேலோங்கி நிற்பதில்லை. படச்சுருள் காலத்தில் நீலத் திரைதான் அதிகம். டிஜிட்டல் கேமராக்களில் பெரும்பாலானவை, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற, ஒளியை உணரும் உணர்விகளின் அடுக்கைப் பின்பற்றுகின்றன. அதில் 4 உணர்விகளுக்கு 2 பச்சைக்கு உரியவை. அதனால் பச்சை தெளிவாகப் பதிகிறது, விளிம்பும் சுத்தமாக வெட்டுப்படுகிறது. ஆனால் பச்சைப் புடவை கட்டியவரை பச்சைத் துணிமுன் நிறுத்தினால் புடவையும் சேர்ந்து போய்விடும். அப்போது நீலத் துணிதான் சரி.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'நிறநீக்கம்' என்றால் சாயத்தை வெளுப்பதாகிவிடும். 'நிறப்பிரிகை' வேண்டாம், முப்பட்டகத்தில் ஒளி பிரிவதற்கு நம் இயற்பியல் நூல்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. நான் பரிந்துரைப்பது 'நிறக்களைவு'. களைதல் என்பது வேண்டாததைத் தேர்ந்து பிடுங்குவது. வயலில் களை எடுக்கும்போது பயிர் அப்படியே நிற்கும். இங்கேயும் ஆள் நிற்க, திரையின் நிறம் மட்டும் போகிறது. 'நிறங்களைதல்' என்று எழுதினால் 'நிறங்களை' என்று பிரித்துப் படித்துவிடுவார்கள், அதனால் 'களைவு' என்று முடிப்பதே நல்லது. கிம்ப், போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் நாம் தேர்ந்த நிறத்தோடு எவ்வளவு நெருங்கிய சாயல்வரை சேர்த்து எடுக்கலாம் என்று ஓர் அளவு வைப்போம். அதைக் 'களைவு வரம்பு' என்று சொல்லலாம்.

களைந்த பிறகும் தலைமுடியிலும் தோள் விளிம்பிலும் பச்சை தங்கியிருக்கும், துணியில் பட்டுத் திரும்பிய ஒளி அது. ஆங்கிலத்தில் 'ஸ்பில்' என்கிறார்கள். 'சிந்தல்' என்று மொழிபெயர்ப்பதைவிட, ஒரு துணியின் சாயம் மற்றொன்றில் ஏறுவதைச் சொல்வதுபோல 'நிறமேறல்' என்றால் எல்லோருக்கும் உடனே புரியும்.