சயாட்டிகாவுக்கு லேசர்: எந்த லேசர் என்று கேளுங்கள்

பெரும்போக வெள்ளாமை வெட்டு முடியும் மாசி, பங்குனியில் என்னிடம் நாரி நோவோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். வெட்டுவது மெஷின்தான், மூடை ஏற்றுவது இன்னும் மனிதர்தானே. படுவான்கரையிலிருந்து வந்த ஒரு ஐயா கதிரையில் முழுதாக இருக்கவே இல்லை. இடப்பக்கம் மட்டும் பட, வலது காலை நீட்டியபடி இருந்தார்.

"மகன், குண்டியிலிருந்து பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குது. லேசர் வைச்சா ஒரே நாளில சுகமாம், உண்மையா?"

இப்படிக் காலுக்கு இறங்கும் நோதான் சயாட்டிகா. பெரும்பாலும் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நெரிப்பதால் வருவது. ஐயாவின் கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். லேசர் என்ற ஒரே பெயரில் இரண்டு வைத்தியங்கள் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

பிசியோதெரபியில் நாங்கள் வைப்பது தோலுக்கு மேலே படும் ஒளி. 600 முதல் 1000 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, அகச்சிவப்பு ஒளி கலங்களுக்குள் போய் வேலை செய்து நோவைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. பிதுங்கிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. அதனால் பயிற்சிக்குத் துணையாகத்தான் இதை வைக்கிறேன். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் வைப்பதில்லை. நோயாளி, நான் இருவருமே அந்த லேசருக்கென்று செய்த கண்ணாடி போட வேண்டும்.

மற்றது, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி, மெல்லிய ஒளியிழை வழியாக உள்ளிருக்கும் கூழில் சிறிதளவை ஆவியாக்குவது. 1986இல் ஆஸ்திரியாவில் முதன்முதலாகச் செய்தார்கள். டிஸ்க் உடைந்து துண்டு வெளியே வந்தவருக்கும், முள்ளந்தண்டுக் குழாய் ஒடுங்கியவருக்கும் இது பொருந்தாது. எம்.ஆர்.ஐ பார்த்து நிபுணர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஐயாவைப் படுக்க வைத்து, முழங்கால் மடியாமல் காலை உயர்த்தினேன். பாதி உயரம் வருமுன்பே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெருவிரலை மேலே இழுக்கச் சொன்னேன், பலம் இருந்தது. சரி, அவசரமில்லை. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 கிழமைக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே நோ குறைகிறது. அதற்காகப் படுத்தே கிடக்கக் கூடாது. தாங்குமளவு நடக்கச் சொல்லி, இரண்டு பயிற்சி காட்டி அனுப்பினேன். லேசரை அடுத்த முறை பார்ப்போம் என்றேன்.

ஒரு அக்காவின் கதை வேறு. நாரி நோவுக்கு எண்ணெய் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு, தொடையிடுக்கும் மலவாசலைச் சுற்றிய இடமும் விறைத்து, சலம் போகாமல் நின்றுவிட்டது. வெட்கத்தில் மூன்று நாள் யாருக்கும் சொல்லவில்லை. இந்த அறிகுறி வந்தாலோ, இரண்டு காலும் சேர்ந்து பலமிழந்தாலோ, லேசரும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், அந்த இரவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மணித்தியாலங்கள் பிந்தினாலும் நரம்பு திரும்பாமல் போகலாம். அவரை உடனே அனுப்பினேன். பலமிழந்திருந்த கால் தேறியது, சலம் முழுதாகச் சரிவரவில்லை.

அன்றிலிருந்து நாரி நோ என்று யார் வந்தாலும், ஆணோ பெண்ணோ, "சலம் ஒழுங்காப் போகுதா?" என்று முதலில் நானே கேட்டுவிடுகிறேன்.