இல்லாத 25வது அறை

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பால் ஏற்றிவரும் குளிர்வண்டி ஒன்றின் ஓட்டுநர் எனக்குப் போன் செய்தபோது இரவு 12 மணி தாண்டியிருந்தது. "சார், உங்க பெட்டி கத்துது. பால் சில்லுன்னுதான் இருக்கு, நானே தொட்டுப் பார்த்துட்டேன்" என்றார். மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. மூன்றாம் நாளும் வந்தது.

பால் சூடேறினால் கத்தும் அந்தப் பெட்டிக்குள் ஓடிய நிரலை, சி என்ற கணினி மொழியில் எழுதியவன் நான்தான். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது வேலை. மணிக்கு ஒன்று வீதம் ஒரு நாளின் 24 வெப்பநிலைகளைச் சேமிக்க ஒரு அரே (மதிப்புகளை வைக்கும் அறைகளின் வரிசை; நம் பள்ளிப் பாடநூலில் அணி என்று படித்திருப்பீர்கள்). அதே ஸ்ட்ரக்சரில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) அதற்கு அடுத்து எச்சரிக்கை வரம்பு: 8 டிகிரி. நள்ளிரவில் அரேயைத் துடைத்து ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் 0 ஆக்கும் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), "24ஐ விடச் சிறியது" என்று எழுத வேண்டிய இடத்தில் "சிறியது அல்லது சமம்" என்று எழுதிவிட்டேன். 24 இடங்கள் உள்ள அரேயின் எண்கள் 0இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும். என் லூப் 24ஆம் எண்ணுக்கும் போனது. அங்கே இருந்தது வரம்பு. 8 டிகிரி 0 டிகிரி ஆனது. 4 டிகிரியில் பத்திரமாக இருந்த பால், பெட்டியின் கணக்கில் சூடாகிவிட்டது.

மூன்று மாதம் சோதித்த பிறகுதான் அந்தப் பெட்டியை வண்டியில் மாட்டினோம் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. காலையில் இயக்குவோம், சாயங்காலம் அணைத்துவிட்டுக் கிளம்புவோம். இயக்கும்போதெல்லாம் வரம்பு மறுபடி 8 ஆகிவிடும். எங்கள் மேசையில் அந்தப் பெட்டி ஒரு நள்ளிரவைக்கூடப் பார்க்கவில்லை. நிரல் ஓடுகிறது என்பதை நிரல் சரி என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். சி மொழியில் அது சாட்சியே அல்ல.

ஏன் என்றால், சி மொழியில் அரே தன் நீளத்தைக் கூடவே எடுத்துச் செல்வதில்லை. ஒரு ஃபங்ஷனுக்கு (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) அரேயை அனுப்பினால் போய்ச் சேர்வது அதன் முதல் இடத்தின் முகவரி மட்டுமே. அங்கே போய் அளவு சொல்லும் "சைஸ்ஆஃப்" கேட்டால் முகவரியின் அளவைத்தான் சொல்லும். பெரும்பாலான கணினிகளில் 8 பைட். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று மொழியின் விதிமுறை எதையும் சொல்வதில்லை. நிரல் நின்றும் போகலாம், பக்கத்து எண் மாறவும் செய்யலாம், ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். இந்த மூன்றில் கடைசிதான் பயங்கரம்.

எல்லா மொழியும் இப்படி இல்லை. 1960களில் பிரிட்டிஷ் கணினி அறிவியலாளர் டோனி ஹோர் குழுவினர் ஆல்கால் என்ற மொழிக்குச் செய்த கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்), ஒவ்வொரு இண்டெக்ஸையும் (அரேயில் இடத்தின் எண்) நிரல் ஓடும்போதே சரிபார்த்தது. வேகத்துக்காக அந்தச் சோதனையை எடுத்துவிடலாமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்களாம். எல்லோரும் எடுக்க வேண்டாம் என்றார்கள். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1980இல் பெற்றபோது ஆற்றிய உரையில் ஹோரே இதைச் சொல்லியிருக்கிறார்.

சோதனை இல்லாத வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பது 1988இல் தெரிந்தது. இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் வார்ம் என்ற நிரல் கணினிகளுக்குள் புகுந்த வழிகளில் ஒன்று, 512 பைட் அரேக்குள் அளவே கேட்காமல் எழுதும் "கெட்ஸ்" என்ற ஃபங்ஷன். 2011இல் வந்த விதிமுறையில்தான் அதை மொழியிலிருந்தே நீக்கினார்கள். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் 20 மதிப்புகள் மட்டுமே இருந்த அரேயில் 21வதைப் படிக்கப் போனதால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அதைப் படித்தபோது எனக்குப் பால் வண்டி ஓட்டுநரின் குரல்தான் கேட்டது.

"நான் சி எழுதுவதில்லையே" என்பவர்களுக்கும் கொஞ்சம் உண்டு. ஜாவா எல்லை மீறலைப் பிடித்து எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியும். பைத்தானும் அப்படித்தான், ஆனால் கணக்கு தவறி இண்டெக்ஸ் -1 ஆனால் புகார் செய்யாமல் கடைசி மதிப்பை எடுத்துக் கொடுத்துவிடும். சி++ மொழியில் அரே போல இருக்கும் வெக்டாரில் சதுர அடைப்புக்குறி சோதிப்பதில்லை, "அட்" சோதிக்கும். இது தெரியாமலேயே வெக்டார் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சி எழுதுகிறவர்கள் அரேயை எங்கே அனுப்பினாலும் நீளத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 24 என்ற எண்ணை நாலு இடத்தில் தட்டாமல் ஒரே இடத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். சோதனையின்போது அட்ரஸ் சானிடைசர் என்ற நினைவகப் பிழை பிடிக்கும் கருவியைப் போட்டு ஓட்டுங்கள். நிறையப் பிழைகளைப் பிடித்துத் தரும். ஆனால் என் பிழையை அதுவும் பிடித்திருக்காது, ஏனென்றால் மீறல் ஒரே ஸ்ட்ரக்சருக்குள் நடந்தது. கருவி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

போன மாதம் விருதுநகரிலிருந்து வந்த பயிற்சிப் பெண் ஒருத்தி எழுதிய நிரலைப் படித்தேன். நெட்வொர்க்கில் வரும் தகவலை 64 பைட் அரேக்குள் நகலெடுக்கிறாள். எவ்வளவு நகலெடுப்பது என்பதை வந்த தகவலே சொல்கிறது. "அனுப்புற பக்கமும் நம்ம கோடுதானேண்ணா?" என்றாள். 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை எப்படி இருந்தது என்று சொன்னேன். அனுப்பியவர் சொன்ன நீளத்தை, இணையத் தகவலை ரகசியமாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் அப்படியே நம்பி, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அமைதியாகக் கேட்டாள். போய் "நீளம் 64ஐ விடப் பெரியதானால் நிராகரி" என்று ஒரு வரி சேர்த்துக் கொண்டுவந்தாள். சரி என்று சொல்லப்போகும்போது அவளே நிறுத்தினாள். "அண்ணா, இந்த நீளம் இன்ட், குறை எண்ணும் வரலாம். -1 வந்தா 64ஐ விடச் சின்னதுன்னு உள்ளே போயிடும். நகலெடுக்கிற மெம்காப்பிக்குப் போறப்போ அது ரொம்பப் பெரிய எண்ணா மாறிடும்ல?"

ஆமாம், மாறிவிடும். நான் அதைக் கவனிக்கவில்லை. அன்று மாலை இருவரும் உட்கார்ந்து, எங்கள் பழைய நிரல்களில் வெளியிலிருந்து வரும் நீளங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தோம். இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன.