மூச்சு சீக்கிரம் பழகும், காலுக்குத்தான் நாள் ஆகும்

நான் பிசியோதெரபிஸ்ட். பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஓட ஆரம்பித்து, மூன்றாவது வாரம் நொண்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது. அவ்வளவு ஆசையாக ஆரம்பித்தவர்கள், வலி வந்ததும் "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் வந்தவருக்கு 42 வயது. "மூச்சே வாங்கலைங்க, அதான் தினமும் கொஞ்சம் கூட்டிக்கிட்டே போனேன்" என்றார். அவருடைய கணுக்காலுக்கு மேலே, முன்னங்கால் எலும்பின் உள்ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போனேன். ஒரு சாண் நீளத்துக்கு எங்கே தொட்டாலும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும், ஆனால் எலும்பும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண்களும் ஓடும்போது வருகிற அதிர்வைத் தாங்கப் பழக மாதக்கணக்கில் ஆகும், அதனால் மூச்சு "இன்னும் போகலாம்" என்று சொல்கிற நேரத்தில் கால் தயாராகவே இருக்காது.

அதனால்தான் எல்லோரிடமும் நடையில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். ஜிம் வேண்டாம், டிரெட்மில் வேண்டாம், நாடித்துடிப்பு பார்க்கிற வாட்ச்கூட வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். பாட்டு தாராளமாக வருகிறதா, வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு முட்டுகிறதா, குறையுங்கள். 220லிருந்து வயதைக் கழித்து, இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கலாம் என்று பார்க்கிற கணக்கு வெறும் சராசரிதான். இதயத்துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலைத்துவிடாதீர்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள், அதனால் ஐந்து ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் சேரும். முதல் வாரம் தினமும் 10 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். 30 நிமிடம் சுலபமாக வந்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள், 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம்.

வெளியே போக வழியில்லையா? படிக்கட்டின் முதல் படியில் ஏறி இறங்குங்கள். முழுப் பாதமும் படியில் பதியட்டும், குதிகால் வெளியே தொங்கக் கூடாது, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தால் நல்லது. முழங்கால் வலி இருப்பவர்கள் குதிக்கிற பயிற்சிகள் பக்கமே இப்போதைக்குப் போக வேண்டாம்.

முடிக்கும்போது சட்டென்று நின்றுவிடாதீர்கள், காலில் ரத்தம் தேங்கித் தலை சுற்றும். கடைசி 5 நிமிடம் மெதுவாக நடங்கள்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கையில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்திருப்பது அவசியம்.

அந்த 42 வயதுக்காரர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வலி அடங்கியதும் 10 நிமிட நடையிலிருந்து மறுபடி தொடங்கினார். போன வாரம் அதே இடத்தை அழுத்திப் பார்த்தேன், காலை இழுக்கவில்லை. "இனி ஓடலாமா?" என்றார். 1 நிமிடம் மட்டும் என்றேன்.