மெரிடாவின் ஒற்றைச் சுருள்

2012-ல் வந்த பிக்ஸாரின் ‘பிரேவ்’ என்ற கணினி அனிமேஷன் படத்தில் ஒரு காட்சி. ஸ்காட்லாந்து இளவரசி மெரிடாவுக்கு அம்மா இறுக்கமான உடை மாட்டி, தலைமுடி முழுவதையும் வெள்ளைத் துணிக்குள் அடக்கிவிடுகிறார். ஆனாலும் நெற்றியில் ஒரே ஒரு செந்நிறச் சுருள் வெளியே நிற்கும். அந்தப் பெண் யாரென்று சொல்ல அதுவே போதும். அந்த முடியைத் திரையில் கொண்டுவரத்தான் பெரும்பாடு பட்டார்கள்.

கணினிக்கு முடி என்பது வரிசையாகக் கோத்த புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் எடை உண்டு. பக்கத்துப் புள்ளியோடு ஒரு கற்பனை ஸ்பிரிங் அதை இணைக்கும். தலை அசையும்போது எந்தப் புள்ளி எங்கே போகும் என்று கணக்கிட்டால் முடி ஆடும். கோரை முடிக்கு இது போதும். சுருட்டை முடி அப்படியல்ல. பழைய தொலைபேசியின் சுருள் ஒயரை ஒரு முனையில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே நீண்டுவிடும். மெரிடா குதிரையில் பாயும்போதும் இதேதான் நடக்கும். சரி, ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால்? சுருள் நிற்கும், முடி கம்பியாகிவிடும்.

பிக்ஸார் குழு கண்டுபிடித்த வழி அவ்வளவு அழகு. சுருளின் நடுவே ஊடுருவிப் போகும் ஒரு கோட்டைக் கற்பனை செய்து, அதற்கும் ஒரு ஸ்பிரிங் கொடுத்தார்கள். அது நீள்வதைத் தடுக்கும், வளைவதைத் தடுக்காது. சுருள் அவிழாமலே முடி துள்ளும். கையால் வடிவமைத்த 1,500-க்கும் மேற்பட்ட சுருள்களிலிருந்து சுமார் 1,11,700 முடிகளை வளர்த்தார்கள். சுருட்டை முடி பொங்கி நிற்பதே ஒன்றை ஒன்று தாங்குவதால்தான். எல்லா உரசலையும் கணக்கிட்டால் கணினி திணறும் என்பதால், தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுகிய சுருள்முடிக்கு இந்தக் கணக்கும் போதாது. கணினி வரைகலை ஆய்வுகளில் நெடுங்காலம் முடி என்றாலே பெரும்பாலும் கோரை முடியும் அலை முடியும்தான். யேல் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியலாளர் தியோடர் கிம் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். தன் தலையைப் போல் ஒரு தலையைத் திரையில் தேடும் குழந்தையிடம், அதற்கு இன்னும் சூத்திரம் எழுதவில்லை என்று சொல்வது அநியாயம்.

கிம்மும் கலைஞர் ஏ.எம். டார்க்கும் அடங்கிய குழு 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்கள் முதலில் செய்தது, அந்த முடியைப் பொறுமையாக உற்றுப் பார்த்ததுதான். முளைக்கும் இடத்தில் ஒவ்வொரு முடியும் தன் போக்கில், பஞ்சு போல இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனதும் அக்கம்பக்கத்து முடிகள் கூடி ஒரே சுருளாகின்றன. வலமாகச் சுற்றி வந்த சுருள் நடுவழியில் இடமாகத் திரும்புகிறது. அப்புறம், ஏதோ ஒரு முடி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, ஒரு சுற்றைத் தவறவிட்டு, மறுபடி வந்து சேர்ந்துகொள்கிறது. அந்த விலகிய முடிக்கும் இப்போது ஒரு கணக்கு இருக்கிறது.