நன்மையில் சத்துமாவா?

பேத்தி இந்த வருஷம் புதுநன்மை, அதாவது கத்தோலிக்கப் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை முதல்முறையாக, வாங்கப் போகிறாள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பங்குக் கோவிலில் மறைக்கல்வி வகுப்பு. போன ஞாயிறு ஒரு தாளோடு வந்தாள். முதல் வரியே, ‘நற்கருணை நமது ஆன்மீக ஊட்டச்சத்து.’ இதைப் பிரசங்கத்தில் இரண்டு தடவை, தியானத்தில் ஒரு தடவை கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது பிள்ளைகள் கைக்கே வந்துவிட்டது. அவள் கேட்டாள்: “தாத்தா, நன்மையில சத்துமாவு கலக்குதாவளா?”

அவள் மேல் தப்பில்லை. அங்கன்வாடியில் சத்துமாவு தின்ற பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கும். நன்மையாகக் கொடுக்கும் ஓஸ்தி அப்பத்தில் கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

நற்கருணை என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘யூக்கரிஸ்தியா’ கிரேக்கச் சொல். நன்றி கூறுதல் என்று பொருள். பிரித்தால் ‘யூ’ என்பது நல்ல, ‘காரிஸ்’ என்பது அருள். இரண்டையும் ஒட்டினால் நற்கருணை. நன்றி என்ற பொருள் வழியில் எங்கோ விழுந்துவிட்டது, ஆனாலும் நல்ல சொல். பழைய ஜெபப் புத்தகங்களில் சற்பிரசாதம். எங்கள் ஆச்சி வாயில் வெறும் நன்மை. சி.எஸ்.ஐ. சீர்திருத்த சபைக்காரர்கள் திருவிருந்து என்பார்கள். இவற்றில் எதனோடும் எனக்கு வழக்கில்லை.

வழக்கு ஊட்டச்சத்தோடுதான். புரதம், இரும்பு, வைட்டமின் இவற்றுக்குப் பொதுப்பெயராக அமைந்த சொல் அது. உணவுக்குள் இருப்பது; உணவே அல்ல. ‘மத்தியானம் ஊட்டச்சத்து சாப்பிட்டேன்’ என்று யாராவது சொல்லுவார்களா? யோவான் 6ஆம் அதிகாரத்தில் ‘வாழ்வு தரும் உணவு நானே’ என்கிறார் இயேசு. பழைய மொழிபெயர்ப்பில் ‘ஜீவ அப்பம் நானே’. அப்பம், உணவு என்று சோற்றுப்பானைப் பக்கத்துச் சொற்கள். மருந்துக்கடைச் சொல் இல்லை.

இன்னொன்று. ஊட்டச்சத்து நம் உடம்பில் சேர்ந்து நாமாகவே ஆகிவிடும். நற்கருணை நேர்மாறு என்பதுதான் போதனை. புனித அகுஸ்தினார் கேட்ட கடவுளின் குரல் சொன்னது இதுதான்: உன் உடலின் உணவைப் போல நீ என்னை உன்னாக மாற்றமாட்டாய், நீதான் நானாக மாறுவாய். சத்து என்றதும் இந்த வித்தியாசம் போயே போய்விட்டது. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் ஏழு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கும் நன்மை கொடுக்கலாம் என்றபோது, பிள்ளைகளிடம் அவர் எதிர்பார்த்தவற்றில் முக்கியமானது, இந்த அப்பத்துக்கும் சாதாரண அப்பத்துக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பது. அதை நாமே குழப்பிவிட்டு அப்புறம் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் என்ன நியாயம்?

‘ஸ்பிரிச்சுவல் நரிஷ்மென்ட்’ என்ற ஆங்கிலத்தை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிறார்கள். பக்கத்திலேயே ஊட்டு என்ற வினை இருக்கிறது. உண் என்பதன் பிறவினை, உண்ணச் செய்வது. தாய் ஊட்டுகிறாள் என்றால் இரண்டு வயதுக்கும் விளங்கும். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம்: கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு இரை எடுக்கும். தன் நெஞ்சைக் கிழித்து இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடாவை நற்கருணையின் அடையாளமாகக் கோவில்களில் வரைந்தது சும்மா இல்லை (பறவை நெஞ்சைக் கிழிப்பது பழங்கதைதான், ஊட்டுவது நிஜம்).

‘ஆன்மீக’ என்ற ஒட்டும் எனக்கு ஆகாது. ஆன்மீகச் சுற்றுலா, ஆன்மீகச் சிறப்பிதழ் என்று எதற்கும் முன்னால் வந்து நிற்கிறது. ஆன்ம உணவு என்றாலே போதும். ஆன்மாவும் வடசொல்தானே என்று தனித்தமிழ் நண்பர்கள் வருவார்கள். உயிருணவு என்று வைத்துக்கொள்ளட்டும், சத்து வராமல் இருந்தால் சரி.

தாளில் அந்த வரியை அடித்து, மேலே ‘ஆன்ம உணவு’ என்று எழுதிக் கொடுத்தேன். இந்த ஞாயிறு வகுப்பில், அடித்தது யார் என்று கேட்டார்களாம். “எங்க தாத்தா” என்று இவள் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வருகிற ஞாயிறு தாத்தாவையும் கூட்டிவரச் சொன்னார்களாம்.