சமய விரவல்: 'ஒத்திசைவு' ஏன் பொருந்தாது?

வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்துப் பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர், வெவ்வேறு சமயக் கூறுகள் ஒன்றுசேர்வதைக் குறிக்கும் 'சின்கிரெட்டிசம்' என்ற சொல் எதிர்ப்பட்டதும் 'சமய ஒத்திசைவு' என்று எழுதிவிடுகிறார்கள். காதுக்கு இனிமை என்பதைத் தவிர அந்த ஆக்கத்துக்கு வேறு தகுதி இல்லை.

மூலச்சொல் கிரேக்கம். தமக்குள் ஓயாமல் சண்டையிட்ட கிரீட் தீவினர் வெளிப்பகை வந்தால் ஒன்றுகூடுவதை அது குறித்தது என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். 17ஆம் நூற்றாண்டு லூத்தரன் இறையியலாளரிடையே வசையாக வழங்கி, பின்னர் சமயவியலின் பொதுச்சொல்லாயிற்று.

டென்மார்க்கின் யூட்லாந்தில், டிரென்கோர்டன் என்னுமிடத்தில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு மாக்கல் வார்ப்பச்சில், சிலுவைக்கும், கிறித்தவத்துக்கு முந்தைய வடபுலச் சமயத்தின் தோர் கடவுளுக்குரிய சுத்தியலுக்கும் உரிய குழிகள் ஒரே கல்லில் அருகருகே குடையப்பட்டுள்ளன. இரு சமயத்தாருக்கும் ஒரே பட்டறையில் பதக்கம் வார்க்கப்பட்டது என்பதைத்தான் அந்தக் கல் காட்டுகிறது. அவர்கள் மனமொத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு அதில் சான்றில்லை.

அதே நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட ஹாக்கோன், இங்கிலாந்தில் கிறித்தவராக வளர்ந்தவர். நார்வேயின் லாதேயில் நடந்த பலிவிருந்தில், அப்பழஞ்சமயத்தின் மற்றொரு கடவுளான ஓடினுக்குப் படைத்த மதுக்கொம்பைக் கையில் கொடுத்தபோது, அவர் அதன்மேல் சிலுவைக் குறியிட்டார், கூட்டம் முணுமுணுத்தது. உடனிருந்த சிகுர்ட் பிரபு, "மன்னர் இட்டது தோரின் சுத்தியல் குறி" என்று சொல்லிச் சமாளித்தார் என 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதுகிறார். மறுநாளே பலியிட்ட குதிரையின் இறைச்சியை உண்ணும்படி மன்னரை நெருக்கினார்கள். ஒரே கொம்பு, ஒரே கையசைவு, இரண்டு பொருள். நடுவே அச்சமும் வற்புறுத்தலும். இதை ஒத்திசைவு என்று எழுதுவது மொழிபெயர்ப்பன்று, நிகழ்ந்ததை மறைப்பது. இத்தகைய மொழிபெயர்ப்பாளர்கள் பொருளை ஆராயாமல், மேடைக்கு உகந்த நல்ல சொல்லாகத் தேடுகிறார்கள்.

'கலப்படம்' என்பாரும் உண்டு. பாலில் நீர் சேர்ப்பதற்குரிய அச்சொல், தூய சமயம் ஒன்று கெட்டுவிட்டது என்ற தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. 'கலப்பு' தவறன்று, ஆனால் கலந்தவை பிரித்தறிய முடியாமல் போனதாகவும் அது பொருள்படும்.

நம்மிடம் 'விரவு' இருக்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக நிற்கும் பெயரைத் தொல்காப்பியம் 'விரவுப்பெயர்' என்கிறது. அங்கே திணை இரண்டும் அழிவதில்லை; பெயர் ஒன்றே இரண்டிடத்தும் செல்கிறது. ஹாக்கோனின் குறி அதே வகையினது. எனவே 'சமய விரவல்' என்பதே என் தெரிவு. பெயரெச்சமாக்கினாலும் சொல் வளைந்து கொடுக்கிறது: கிறித்துவை நம்பித் தம் பண்ணைக்குக் கிறிஸ்ட்னெஸ் என்று பெயரிட்டு, கடற்பயணத்துக்கும் இடுக்கணுக்கும் மட்டும் தோரை வேண்டிய ஐஸ்லாந்துக் குடியேறி ஹெல்கியுடையது 'விரவிய நம்பிக்கை'.

கிறித்தவத்துக்கு முந்தைய சமயத்தைக் குறிக்கும் 'பேகன்' என்பதற்கு இன்னும் 'அஞ்ஞானம்' என்று எழுதுவோரும் திருந்த வேண்டும். அது பழைய மறைப்பணியாளர் வழங்கிய சொல். ஒரு தரப்பின் கண்டனத்தைச் சுமந்து நிற்பது. மதம் மாறிய வட ஐரோப்பியரே தம் முன்னோர் சமயத்தைப் 'பழைய வழக்கம்' என்றும் குறித்தார்கள். தமிழில் 'தொல்வழக்கு' என்று எழுதினால் போதும்.